பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே படித்த பிள்ளை வெளிநாட்டு மாணவியா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத்தில் நடந்த உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டத்தைப் பற்றி நான் இதுவரை எதுவும் எழுதவில்லை. அங்கே என்ன நடந்தது என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். காணொளியை எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் அரங்கம் சிரிப்பது கேட்கிறது, பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட, குடியுரிமை இல்லாத அந்தப் பெண்ணின் முகம் தெரியவில்லை. நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். கட்டம் போட்ட கணக்குத் தாளில் மூன்று தொகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கடைசித் தொகையைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். "கட்டணம் அதிகமென்றால் ஊருக்குப் போய்ப் படிக்கலாமே" என்று ஒரு பெரியவர் பதில் சொன்னதும், தாளை நான்காக மடித்துக் கைத்தொலைபேசி உறைக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. தொடக்கநிலை ஒன்றிலிருந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரி வரை பன்னிரண்டு ஆண்டுகள் இந்த நாட்டில் படித்த பிள்ளையும், சென்ற மாதம் விமானத்தில் வந்திறங்கிய பிள்ளையும் கட்டணப் பட்டியலில் ஏன் ஒரே வரியில் நிற்கிறார்கள் என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு அன்று அரங்கில் யாரும் நேரான பதில் சொல்லவில்லை.

கூட்டத்திற்கு வராதவர்களுக்காக நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். கட்டணத்தை அறிவிப்பது பல்கலைக்கழகம்தான் என்றாலும், யாருக்கு எவ்வளவு குறைகிறது என்பது 1980 முதல் இருந்துவரும் அரசாங்கத்தின் கல்விக் கட்டண மானியத்தைப் பொறுத்தது. கலைப் பட்டப்படிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால், குடிமக்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிரந்தரவாசிகளுக்கு 11,000 வெள்ளிக்கு மேல், வெளிநாட்டு மாணவர்களுக்கு மானியம் போகவும் 17,000 வெள்ளிக்கு மேல். மானியமே இல்லாவிட்டால் அது 30,000 வெள்ளியைத் தாண்டிவிடும். மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர் படித்து முடித்ததும் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஆகவே குடிமகளாக இருந்தால் கட்டவேண்டியதைவிட நான்கு ஆண்டுகளில் 30,000 வெள்ளிக்கு மேல் அதிகமாகக் கட்டவேண்டும் என்பதுதான் அவள் போட்ட வட்டத்தின் பொருள்.

வேறுபாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. குடிமக்களுக்கு முதலிடம் கொடுப்பது எந்த அரசாங்கத்துக்கும் கடமைதான். நானும் இப்போது குடிமகன்தான், என் பிள்ளைகளும் அந்தச் சலுகையில்தான் படித்தார்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்று: கட்டணம் பிள்ளை வளர்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும், அடையாள அட்டையின் நிறத்தை மட்டும் பார்க்கக் கூடாது. பன்னிரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் உட்கார்ந்து, தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படித்து, நம் பிள்ளைகள் எழுதிய அதே தேர்வுகளை எழுதியதற்கு அந்தப் பட்டியலில் ஒரு வெள்ளி மதிப்பாவது இருக்க வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே படிக்க வந்தேன். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஒப்பந்தத்திற்கு இரண்டு பிணையாளர்கள் வேண்டும் என்றதும் வீட்டில் மூன்று நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருவர் என் தாய்மாமா. இன்னொருவராக ஓய்வு பெற்ற என் கணக்கு வாத்தியாரை அப்பா போய்ப் பார்த்தார். வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து, ஆங்கிலத்தில் இருந்த அத்தனைப் பக்கங்களையும் மெதுவாகப் படித்தார். ஒப்பந்தத்தை மீறினால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும் என்ற இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மூணு வருஷம் வேலை செஞ்சிடுவியாடா?" என்றார். "செஞ்சிடுவேன் சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

நான் மூன்று ஆண்டுகள் வேலை செய்வதாகச் சொன்னேன், முப்பது ஆண்டுகளுக்கு அருகில் வந்துவிட்டேன். என்னை அன்று வெளிநாட்டு மாணவன் என்றார்கள். அது உண்மை, நான் அப்போதுதான் வந்திருந்தேன். அப்படி வந்த எனக்கும் உள்ளூர் மாணவருக்கும் அந்தக் காலத்தில் கட்டண வேறுபாடு சிறியதாகத்தான் இருந்தது. 2000களின் பிற்பகுதியிலிருந்துதான் அது விரிந்துகொண்டே போனது. அதாவது இந்த அளவுகள் கல்லில் செதுக்கியவை அல்ல, காலத்திற்கேற்ப மாற்றப்பட்டவை; இனியும் மாற்ற முடியும்.

"நம் வரிப்பணம்" என்று சிலர் உடனே சொல்வார்கள். அந்தப் பெண்ணின் தந்தையும் இங்கே வருமான வரி கட்டுகிறார். அவர் வாங்கும் ஒவ்வொரு அரிசி மூட்டைக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்துதான் வருகிறது.

ஆண்பிள்ளைகள் ராணுவம், காவல் போன்ற படைகளில் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவையை நினைவூட்டுபவர்களை நான் மதிக்கிறேன், ஏனென்றால் என் மகன் இரண்டு ஆண்டுகள் சேவை செய்தபோது நானும் மனைவியும் தூங்காமல் கிடந்த இரவுகள் உண்டு. ஆனால் அந்த வாதத்தை முழுமையாகச் சொல்லுங்கள். பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான பையனும் தேசிய சேவைக்குப் போகிறான். இரண்டு ஆண்டுகள் முடித்த பிறகும், நிரந்தரவாசியின் நீல அட்டை குடிமகனின் இளஞ்சிவப்பு அட்டை ஆகாதவரை அவன் நிரந்தரவாசிக் கட்டணத்தைத்தான் கட்டவேண்டும். குடிமக்களான நம் பெண்பிள்ளைகளுக்குத் தேசிய சேவை கட்டாயமில்லை, முழுச் சலுகை கிடைக்கிறது, கிடைக்கவும் வேண்டும். அப்படியானால் சேவைதான் அளவுகோல் என்று எப்படிச் சொல்வது?

"குடியுரிமை வாங்கிக்கொள்ளட்டும்" என்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? விண்ணப்பிப்பது நம் கையில் இருக்கிறது, கிடைப்பது நம் கையில் இல்லை. இதைக் கடைத்தெருவில் விற்கும் பொருளைப் போலப் பேசுபவர்கள் அந்தப் பதில் கடிதத்திற்காக ஒருமுறைகூடக் காத்திருந்ததில்லை.

பிள்ளை வளர்ந்த இடத்தையும் பார்க்கும் பிற நாடுகளில் ஏய்ப்புக்கு வழி விட்டுவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டனில் உள்ளூர்க் கட்டணம் கேட்பவர் பொதுவாக மூன்று ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். படிப்பதற்காக மட்டுமே வந்து தங்கிய காலம் கணக்கில் சேராது. ஜாம்பியாவில் பிறந்து ஆறு வயதில் பிரிட்டனுக்குப் போன டிகேரே என்ற மாணவிக்குக் குடியேற்ற நிலையைக் காட்டிக் கல்விக் கடன் மறுக்கப்பட்டபோது, 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. அதன் பிறகு நீண்ட காலம் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கென்று விதியில் தனி இடம் ஏற்பட்டது. கலிஃபோர்னியா 2001இல் இயற்றிய சட்டம் இன்னும் எளிமையானது: அம்மாநில உயர்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படித்து முடித்த மாணவருக்கு உள்மாநிலக் கட்டணத்தைத் திறந்துவிட்டது. பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும் ஆண்டுக் கணக்கு அது. நம் பள்ளிகளிலும் பதிவேடு இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் அதில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறது.

கட்டணத்தைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம், அது கொள்கை, பேசித் தீர்க்கலாம். "ஊருக்குப் போ" என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எந்த ஊர்? மூன்று வயதில் விட்டு வந்த ஊரில் அவளுக்குப் பாட்டி வீட்டைத் தவிர ஒரு தெருவும் தெரியாது. அதைச் சொன்ன பெரியவரே, உங்கள் தந்தை நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வெறுங்கையோடு இங்கே வந்திறங்கினார் என்று நீங்களே பல மேடைகளில் கண்கலங்கச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையைக் கேட்டு நானும் கலங்கியிருக்கிறேன். அன்று அவரை யாராவது ஊருக்குப் போகச் சொல்லியிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? எல்லாரையும்விட எனக்கு என் மேல்தான் கோபம். பக்கத்து நாற்காலியில் இருந்தும் நான் எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர்களைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன். "விடுங்க சார், நமக்கு எதுக்கு வம்பு, நானே வங்கியில கேட்டுப் பாக்கறேன்" என்றார் தந்தை. அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. நேற்று இரவு மறுபடியும் தொலைபேசியில் அழைத்து ஒருவழியாக அவரைச் சம்மதிக்க வைத்தேன். வரும் திங்கட்கிழமை மாலை எங்கள் வட்டார நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு மூவருமாகப் போகிறோம். அந்த மடித்த தாளையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.