கோழி பிடிக்கும் நாயை விஷம் வைத்துக் கொல்லலாமா?

"பக்கத்து வீட்டு நாய் நம்ம விளைக்குள்ள (தோட்டத்துக்குள்ள) வந்து கோழியைக் கடிச்சா கொல்லலாம், சட்டமே இடம் கொடுக்குது" என்று மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பொய். இப்போதுள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி, ஒரு விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது எல்லாம் குற்றம். 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

அடைகாத்த கோழியின் இறகு பலாமரத்தடியில் சிதறிக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆத்திரம் வரும். வளர்த்தவர்களுக்கு அது பிள்ளை மாதிரி. ஆனால் பூச்சிமருந்து தடவிய இறைச்சியை அந்த நாய்தான் தின்னும் என்று யார் சொன்னது? காக்கா, கீரி, உங்கள் வீட்டுப் பூனை, ஏன், முற்றத்தில் விளையாடும் குழந்தைகூட அதைத் தொடலாம்.

செத்த கோழிகளையும் நாய் வந்த வழியையும் உடனே போட்டோ எடுங்கள். நஷ்டத்தை நாய்க்காரரிடம் கேளுங்கள். அவர் மசியாவிட்டால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள். நஷ்டஈட்டுக்கு சிவில் கோர்ட்டும் இருக்கிறது.

கூட்டையும் பாருங்கள். மெல்லிய கோழிவலையை நாய் பல்லாலேயே கிழித்துவிடும். வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடிக்க வேண்டும். நாய் அடியில் தோண்டியும் நுழையும் என்பதால், வலையின் கீழ்ப்பகுதியை வெளிப்பக்கமாக ஒரு அடி மடக்கி, மண்ணுக்குள் புதைத்து, மேலே கல் அடுக்குங்கள். இரவில் கதவுக்குக் கொண்டி போடுங்கள்.

கோழி ரத்தம் ருசித்த நாய்க்கு வெறி பிடிக்கும் என்பதும் தவறு. வெறிநோய் வைரஸால் வருவது.