பின் பிரேக் டிரம் ஏறாட்டி பிரேக் சூவைத் தேய்க்காதீங்கோ

"புதுச் சூ போட்டும் பின் டிரம் ஏறாட்டி லைனிங்கை அரத்தால தேய்ச்சு மெல்லிசாக்குங்கோ" எண்டு ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். டிரம் எண்டது சில்லோட சுத்துற கிண்ணம், சூ எண்டது அதுக்குள்ள அழுத்திப் பிரேக் பிடிக்கிற வளைஞ்ச துண்டு, லைனிங் சூவில இருக்கிற உராய்வுப் பட்டை. மொரிஸ் மைனர் கார் வைச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீங்கோ. தேய்ச்சா சூவின்ர வளைவு கெட்டு, டிரம்மில அங்கங்கதான் பிடிக்கும். பழைய லைனிங்கில அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது.

பழைய சூ தேயத் தேய அட்ஜஸ்டரை (சூவை டிரம்முக்குக் கிட்டத் தள்ளிற திருகை) இறுக்கிக்கொண்டே வந்திருப்பீங்கள். அது அதே இடத்தில நிண்டா தடிச்ச புதுச் சூவுக்கு மேல டிரம் எப்பிடி ஏறும்? ஹேண்ட்பிரேக்கை விட்டு, கேபிளைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை முழுசா இறக்குங்கோ. சூவின்ர நுனி ரெண்டும் காடியில சரியா இருக்கோ எண்டு விரலால தடவிப் பாருங்கோ. கொஞ்சம் விலகி நிண்டாலும் டிரம் மாட்டாது. வீல் சிலிண்டர் பிஸ்டன் (பெடலை மிதிக்கேக்க சூவைத் தள்ளிற துண்டு) உள்ளுக்குப் போகுதோ எண்டும் பாக்கவேணும். திருகோணமலை உப்புக் காத்துக்கு அது இறுகிறதும், டிரம் விளிம்பில துருக் கட்டுறதும் வழமை. துருவை மட்டும் சுரண்டி எடுங்கோ.

டிரம் ஏறினதும் பெடலை ரெண்டு தரம் மிதிச்சு, சில்லு இறுகுமட்டும் அட்ஜஸ்டரைத் திருப்பி, ஒரு கிளிக் பின்னுக்கு விடுங்கோ.