கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

வகுப்பில் புரொஜெக்டர் போட்டு, அசையும் படம் நாலு காட்டிவிட்டு, "பசங்க எவ்வளவு ஆர்வமாப் பார்த்தாங்க!" என்று நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தார்கள், உண்மைதான். அடுத்த வாரம் கேட்டால் படம் நினைவிருக்கும், பாடம் இருக்காது.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு முக்கோணம். எட்டாம் வகுப்பில் ஸ்க்ராட்ச் சொல்லிக்கொடுத்தேன். கணினிக்கு நிரல் எழுதப் பழக, அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். கட்டளைகளை டைப் செய்ய வேண்டாம், வண்ணக் கட்டங்களை இழுத்து ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். பேனா வசதியைச் சேர்த்துக்கொண்டால், திரையில் உள்ள பூனை நடக்கிற வழியெல்லாம் கோடு விழும். 100 அடி நட, 90 டிகிரி திரும்பு, இதையே 4 தடவை செய்: சதுரம் வந்துவிட்டது. "சரி, இப்போ சமபக்க முக்கோணம் போடுங்க" என்றேன். எல்லாரும் 60 என்று கொடுத்தார்கள். முக்கோணத்தின் கோணம் 60 தானே! பூனை மூன்று பக்கம் நடந்து, வாய் திறந்த கிண்ணம் மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டு நின்றது.

விடையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒருத்தி எழுந்துவந்து தரையில் பூனையாக நடந்து பார்த்தாள். மூலைக்கு வந்ததும் நின்று, "சார், நான் நேராப் போயிட்டு இருக்கேன். அதிலிருந்துதானே திரும்பணும்?" என்றாள். 180-இல் 60 போக 120. வெளிக்கோணத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன். அதைக் கேட்டு ஒரு பிள்ளையும் எழுந்து நடந்ததில்லை. 1967-இல் லோகோ என்ற குழந்தைகளுக்கான கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பாப்பெர்ட் இதைத்தான் வலியுறுத்தினார்: லோகோவில் பூனைக்குப் பதில் ஆமை நடந்து கோடு போடும், குழந்தை தன்னையே அந்த ஆமையாக நினைத்து யோசிக்கும் என்று.

அப்புறம் செல் பிரிதல் பாடத்துக்கு களிமண்ணை வைத்து ஸ்டாப் மோஷன் எடுக்கச் சொன்னேன்; அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் படம் பிடித்து, வரிசையாக ஓட்டுவது. நொடிக்கு 12 படம் வீதம் 20 நொடிக்கு 240 படம். புத்தகத்தில், குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸ் கட்டத்துக்கு ஒரு படம், அவை பிரிந்து போகும் அனாஃபேஸ் கட்டத்துக்கு ஒரு படம். இந்த இரண்டுக்கும் இடையில் குரோமோசோம் எப்படி நகர்கிறது, எது இழுக்கிறது? களிமண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளை அவர்களே கேட்டார்கள். குரோமோசோமை இழுக்கிற கதிர்கோல் இழைகள் என்ற வார்த்தை அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

எல்லாக் கருவியும் இப்படி இல்லை. கேன்வா போன்ற வடிவமைப்புச் செயலிகளில் அழகான வார்ப்புரு தயாராகவே இருப்பதால், பாதி நேரம் எழுத்துரு தேடுவதிலேயே போய்விடுகிறது. அழகுக்கு மதிப்பெண் போடுகிற நம் பழக்கமும் அதற்குக் காரணம். குழுவுக்கு ஒரே செல்போன் என்றால் அது யார் கையில் இருக்கிறது என்றும் கவனியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறாவிட்டால், கூச்ச சுபாவமுள்ள பிள்ளை கடைசிவரை வேடிக்கைதான் பார்க்கும்.

முக்கோணம் போட்ட மறுநாள் நான் வகுப்புக்குள் நுழையும்போதே, பூனையாக நடந்து பார்த்த அந்தப் பிள்ளையின் திரையில் ஐங்கோணம் இருந்தது. யாரும் போடச் சொல்லவில்லை. "360-ஐ அஞ்சால வகுத்தேன் சார், 72" என்றாள்.