பிள்ளை கேட்கும்போது

விசுவாசத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் பற்றி வேதாகமம் பேசும் பகுதிகளைச் சேர்த்து வைத்துப் படித்தபோது, இத்தனை வருடம் என் கண்ணுக்குத் தப்பிய ஒன்று தெரிந்தது. அங்கெல்லாம் முதலில் வாய் திறப்பது பிள்ளைதான். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை ஏற்படுத்தும் இடத்திலேயே, இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள் என்று யாத்திராகமம் 12:26 எதிர்பார்க்கிறது. இஸ்ரவேலர் கடந்துவந்த யோர்தான் நதியிலிருந்து எடுத்த 12 கற்களைக் கில்காலில் நாட்டிய யோசுவாவும், இந்தக் கற்கள் ஏதென்று நாளைக்குப் பிள்ளைகள் கேட்பார்கள் என்ற எண்ணத்தோடுதான் நாட்டுகிறான். பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லும் உபாகமம் 6:7ஐ நாம் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். அதே அதிகாரத்தின் 20ஆம் வசனத்தில், இந்தக் கட்டளைகளும் நியாயங்களும் என்ன என்று மகன் கேட்கிறான். அவனுக்குத் தகப்பன் கொடுக்க வேண்டிய பதில், ‘நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம்’ என்று தொடங்குகிறது. கேட்டது சட்டத்தின் பொருளை. கிடைப்பதோ குடும்பத்தின் கதை.

நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. பிள்ளை கேட்பதற்கு முன்பே பதில்களை மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறோம். உண்மையான கேள்வி வரும் நாளில் அதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணி அடக்கிவிடுகிறோம். அடுத்தவர் வீட்டைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. 11 வருடம் ஞாயிறு பள்ளியில் கற்பித்தவள் நான்.

என் மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது அவளுடைய பாட்டி நோயுற்றார். கட்டிலைச் சுற்றி நின்று, சுகம் கிடைத்துவிட்டது என்று விசுவாசிக்கிறோம் என்று நாங்கள் எல்லாரும் சத்தமாக ஜெபித்தோம். ஒன்பதாம் நாள் பாட்டி காலமானார். சில வாரங்கள் கழித்து, குடும்ப ஜெபத்துக்கு முழங்காலில் நின்றவள் திரும்பி, “அம்மா, பாட்டி சுகமாகிவிட்டார்கள் என்று எல்லாரும் சொன்னீர்களே, அது பொய்யா?” என்று கேட்டாள். அப்படியெல்லாம் பேசக் கூடாது, ஜெபம் பண்ணு என்றேன். அவளும் பண்ணினாள். நன்றி, மன்னிப்பு, நோயாளிகள், ஊழியர்கள், தேர்வு என்று ஒன்றும் விடாமல், ஒரு சொல்லிலும் தடுக்காமல் சொல்லி முடித்தாள். அன்று முதல் அவளுடைய ஜெபம் எப்போதும் அப்படியே இருந்தது. பிள்ளை ஜெபத்தில் தேறுகிறாள் என்று சபையில் பாராட்டினார்கள், நானும் சந்தோஷப்பட்டேன்.

15 வயதில், வேறு ஏதோ வாக்குவாதத்தின் நடுவே, “அன்றோடு உங்களிடம் கேட்பதை விட்டுவிட்டேன்” என்று சொன்னாள். எந்த நாளைச் சொல்கிறாள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வேதாகமத்தில் வரும் ஆசாரியர் ஏலியின் வீட்டுக் கதை எனக்கு அப்போதுதான் உறைத்தது. ‘கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்று சொல்லும்படி, யாரோ பெற்றுக் கொண்டுவந்து விட்ட சாமுவேலுக்கு அவ்வளவு அழகாகக் கற்றுக்கொடுத்தவர், சொந்தப் பிள்ளைகளிடம் தோற்றுப்போனார். ஊழியத்தில் இருக்கிற நாம் அந்தப் பகுதியை மெதுவாகப் படிக்க வேண்டும்.

ஞாயிறு பள்ளியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியது, வாரம் முழுவதும் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தெருவில் திரிந்த, எழுத்தறிவு இல்லாத ஏழைப் பிள்ளைகளுக்காக. கற்பிக்க யாரும் இல்லாதவர்களுக்குத் தொடங்கிய ஒன்றை, கற்பிக்க வேண்டியவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் இடமாக ஆக்கியது நாம்தான். 1529இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடை நூலின் பகுதிகள், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டியவை என்ற குறிப்போடுதான் தொடங்குகின்றன. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் அடுத்து வருவது ‘இதற்கு அர்த்தம் என்ன?’ என்ற கேள்வி.

அமெரிக்கச் சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன் 1970இல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நூற்றுக்கணக்கான குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். பெற்றோர், குறிப்பாகத் தகப்பன், பிள்ளையோடு பாசமும் நெருக்கமுமாக இருந்த வீடுகளில் விசுவாசம் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்வது கூடுதலாக இருந்தது என்று அவர் கண்டார். குடும்ப ஜெபத்தைத் தாயிடம் விட்டுவிட்டு, கடைசி ஆமெனுக்கு மட்டும் வந்து சேரும் தகப்பன்மார் இதைக் கவனிக்கலாம். (எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், இந்தப் பதிவைப் படிப்பார்.)

கேள்விக்கு இடம் கொடுத்தால் சந்தேகம் வளர்ந்துவிடாதா என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. தீர்க்கதரிசி ஆபகூக் தன் ஜெபத்தையே ‘எதுவரைக்கும்’ என்ற முறையீட்டோடுதான் தொடங்குகிறான். 12 வயது இயேசுவை அவருடைய பெற்றோர் தேவாலயத்தில் கண்டபோது, அவர் போதகர்கள் நடுவில் அமர்ந்து அவர்களை வினாவிக்கொண்டிருந்தார்.

வளர்ந்து, சபையை விட்டுப் போய்விட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு இதெல்லாம் காலம் கடந்த பேச்சாகத் தோன்றலாம். அவர்களுக்கு மோனிக்காவை நினைவூட்ட விரும்புகிறேன். மானிக்கேயர் என்ற வேறொரு மதக் கூட்டத்தாரோடு சேர்ந்துவிட்ட, பின்னாளில் சபையின் பெரிய போதகரான தன் மகன் அகஸ்தீனோடு பேசி வாதாடும்படி ஒரு பேராயரை அவர் கெஞ்சினார். சிறுவயதில் தாமும் அதே கூட்டத்தில் வளர்ந்திருந்த அந்தப் பேராயர் மறுத்துவிட்டார். இப்போது அவனை விட்டுவிடுங்கள், அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணுங்கள், படித்துப் படித்து அவனே பிழையைக் கண்டுகொள்வான் என்றார். 387ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையின்போது மிலான் நகரில் அகஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு 32 வயது.

அந்த வாக்குவாதம் நடந்த இரவில் மகளிடம் என் எகிப்தைச் சொன்னேன். பாட்டி போன பிறகு எட்டு மாதம் என்னால் தனியாக ஜெபிக்க முடியவில்லை என்பதையும், கூட்டத்தில் நடுங்காமல் ஜெபித்த நான் அறைக்குள் கர்த்தர்மேல் கோபத்தோடு உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். “அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா” என்றாள்.

இப்போது அவளுடைய ஜெபம் முன்போலச் சரளமாக இல்லை. நடுவில் நின்றுவிடுகிறாள், சில நாள் இரண்டே வாக்கியம். கடந்த வாரம் பாட்டியின் பெயரைச் சொல்லி, எனக்கு இன்னும் புரியவில்லை ஆண்டவரே என்று சொன்னாள். நெடுநேரம் அமைதியாக இருந்துவிட்டு, ஆமென் என்றாள். நாங்களும் ஆமென் சொன்னோம்.