பென்னாகரம் பக்கம் தீயணைப்பு வண்டியை விடத் தண்ணீர்தான் பிரச்சினை
தாலுகாவுக்கு ஒரு தீயணைப்பு நிலையம் இருந்தால் கிராமங்களுக்குப் போதும் என்று ஒரு கட்டுரை சொல்வது பென்னாகரம் பக்கத்து ஊர்களுக்கு ஒத்துவராது. போன கோடையில் எங்கள் ஊரில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. 101-க்குச் சொன்னதும் வண்டி கிளம்பிவிட்டது, அதில் குறையே இல்லை. ஆனால் போர் மேலே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும்; கடப்பாரை போட்டுப் பிரித்து நனைத்தால்தான் அடங்கும். பாதி பிரிப்பதற்குள் டேங்க் காலி. பக்கத்திலேயே கிணறு இருக்கிறதே என்பீர்கள். வண்டியின் பம்பு ஏழெட்டு மீட்டர் ஆழம் வரைதான் உறிஞ்சும். எங்கள் கிணறுகளில் கோடைத் தண்ணீர் அதற்கு எவ்வளவோ கீழே. சரி, போர்வெல்லைப் போடலாம் என்றால் அந்த நேரம் பார்த்து மும்முனை மின்சாரம் இல்லை. அப்புறம் யாரோ டிராக்டரில் டேங்கர் கட்டிக்கொண்டு வந்தார்கள், அதற்குள் மாட்டுக்கொட்டகையின் கூரையும் போய்விட்டது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், தீ பிடித்தால் உள்ளூர் போலீஸுக்குச் சொன்னாலே போதும் என்கிறார். ஏட்டு வந்து கூட்டத்தை விலக்குவார், தண்ணீருக்கு அவர் எங்கே போவார்? புது நிலையம் வருகிறபோது வரட்டும். முதலில் ஊர் மேல்நிலைத் தொட்டியில் தீயணைப்பு வண்டியின் ஹோஸ் மாட்டுகிற அளவுக்கு ஒரு வால்வு வையுங்கள். அந்தச் செலவைப் பஞ்சாயத்தே தாங்கும்.