உண்மை விளக்கம்: ஏழு நாளில் சிகரெட்டை மறக்கடிக்கும் துஆவா?

"இந்தத் துஆவைச் சுபஹுக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) பின் 313 தடவை, ஏழு நாள் ஓதினால் சிகரெட், பாபுல் (புகையிலை கலந்த மெல்லும் பாக்கு) எல்லாம் தானாக விட்டுப்போகும்; மருந்து எடுப்பது ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு. ஆதாரம்: புஹாரி." கொழும்பில் மாளிகாவத்தை, மருதானைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது.

துஆ, அதாவது பிரார்த்தனை, உண்மையானது. "அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மினல் ஹம்மி வல் ஹஸன்" என்று தொடங்குவது. நபித்தோழர் அனஸ் (ரழி) அறிவிக்க, ஸஹீஹுல் புஹாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதரின் அடக்குமுறை ஆகியவற்றிலிருந்து பாதுகாப்புத் தேடும் துஆ. நபி (ஸல்) அவர்கள் இதை அடிக்கடி ஓதியதாகவே அனஸ் (ரழி) சொல்கிறார். 313 என்ற எண்ணோ, ஏழு நாள் கெடுவோ அந்த ஹதீஸில் இல்லை. 313 பத்ருப் போரில் கலந்துகொண்ட ஸஹாபாக்களின் (நபித்தோழர்களின்) தொகையாக அறியப்பட்டது. அதை யாரோ இங்கே ஒட்டியிருக்கிறார்கள். சிகரெட்டைப் பற்றியும் ஹதீஸில் பேச்சில்லை, இருக்கவும் முடியாது: புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர், நபி (ஸல்) காலத்து அரபு நாட்டில் அது இருக்கவில்லை.

மருந்து பற்றிய வரிதான் ஆபத்தானது. அதே புஹாரியின் மருத்துவப் பாடத்தில், நிவாரணம் இறக்காமல் அல்லாஹ் எந்த நோயையும் இறக்கவில்லை என்ற ஹதீஸ் இருக்கிறது. செய்தியை எழுதியவர் அந்தப் பக்கம் போகவில்லை போலும். நிக்கொட்டினை நிறுத்திய முதல் சில நாட்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் கூடும். எட்டாம் நாளும் ஆசை வந்தால் அது உடலின் வேலை, ஈமானின் குறையல்ல.

துஆவைத் தாராளமாக ஓதுங்கள். கூடவே 1948 என்ற இலக்கத்துக்கும் அழையுங்கள். புகைத்தலைக் கைவிட விரும்புவோருக்கான அரச ஆலோசனைச் சேவை அது.