பட்டினி போடுகிறார்களாம்!

மறதி நோய் முற்றிய அந்த மார்த்தாண்டத்து அம்மச்சிக்கு, மூக்கு வழியாகச் சாப்பாடு இறக்கும் டியூப் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்த பிள்ளைகளை நேற்று முழுக்க இங்கே கிழித்துத் தொங்கவிட்டாயிற்று. "பட்டினி போட்டுக் கொல்லுகாவ" என்ற கமெண்டுக்கு நூற்றுச் சொச்சம் லைக். ரொம்ப நல்லது.

மறதி நோய் முற்றி, விழுங்குவதே மறந்துபோனவருக்கு டியூப் ஆயுளைக் கூட்டும் என்பதற்குச் சான்று கிடையாது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே கையால் ஊட்டுங்கள் என்றுதான் சொல்கிறது.

"புரையேறாமல் இருக்கத்தானே டியூப்?" எச்சில் இன்னும் தொண்டை வழியாகத்தான் இறங்குகிறது ஐயா. இரைப்பையில் ஊற்றிய பாலும் எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும். அப்புறம் காய்ச்சல், மறுபடி அட்மிஷன். மூக்கில் உறுத்தினால் மறதி முற்றிய ஆள் டியூபைப் பிடுங்கத்தான் செய்வார். பிடுங்கினால் கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். கட்டினால் புரள முடியாது, இடுப்பில் புண். நீங்கள் தாய்க்குச் செய்யச் சொல்லும் மரியாதை இது.

கையால் ஊட்டுவது எப்படி என்று தெரியுமா? தலையணை அண்டக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, அரை டீஸ்பூன். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. கஞ்சித் தெளிவு கூடாது, தண்ணியாக இருப்பதுதான் முதலில் புரையேறும். குழைய வேகவைத்து மசித்த கஞ்சி, கெட்டியாக. வாயைத் திறக்காவிட்டால் திணிக்கக் கூடாது. முடிந்தும் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. பட்டினி போடுவதற்கு இத்தனை பாடு!

"அப்போ வயசானா வைத்தியமே வேண்டாமா?" வயதைப் பற்றி நான் பேசினேனா? 88 வயதில் இடுப்பெலும்பு முறிந்தாலும், உடம்பு தாங்கும் என்றால், ரெண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்யச் சொல்லிச் சண்டை போடுவேன். கிடத்திப் போட்டால் வலியும் நிமோனியாவும்தான். பக்கவாதத்தில் விழுங்க முடியாதவருக்கு இதே டியூப் சில வாரம் உயிர் காக்கும். அங்கே விழுங்குவது திரும்ப வர வழியுண்டு. கண்புரையை 90-ல் எடுத்தாலும் லாபம்தான். அந்த ஆளுக்கு என்ன திரும்பக் கிடைக்கும், அதை மட்டும் கேளுங்கள்.

"காசுக்காகத்தானே?" ஆமாம், காசும்தான். ரப்பர் தோட்டத்தை அடகு வைத்து ஐ.சி.யூ.வில் கட்டினால்தான் பாசமா?

சிகிச்சை வேண்டாம் என்பது குற்றம் என்று சட்டம் பேசியவருக்கு: இனி மீள வழியில்லை என்றால் உயிர்தாங்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-லேயே அனுமதித்தது. 2023-ல் எளிதாக்கி, ரெண்டு சாட்சியும் நோட்டரியும் போதும் என்றாக்கியது.

களியக்காவிளையைத் தாண்டினால் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது தீராத நோயாளியின் வேதனையைக் குறைத்துப் பராமரிக்கும் நர்ஸ், வீட்டுக்கே வருவார். கேரளம் 2008-லேயே அதற்குக் கொள்கை வகுத்துவிட்டது. நம் பக்கம் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. "அவங்களைக் கூப்பிடுங்க" என்று ஒரு கமெண்ட்? கிடையாது. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு உச்சுக் கொட்டிப் போகிறார்கள். அம்மச்சியை ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க ரெண்டு பேர் வேண்டும். அங்கே ராத்திரி மருமகள் ஒருத்திதான். லைக் போட்டவர்களில் யாராவது போனீர்களா?